பூச்சியையும் விற்று அதற்கு மருந்தையும் விற்றவர்: ஓர்கிட் வளர்க்கிறவர்கள் கவனம்

பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளைப் பக்கம் வீட்டு முற்றத்தில் நாலு ஓர்கிட் தொங்கவிட்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஏழு செடி போய்விட்டது. ஆளின் பெயரைப் போட மாட்டேன், வீண் வம்பு. அவர் விற்கிற சாமானைச் சொன்னால் போதும், பார்த்ததும் உங்களுக்கே தெரியும்.

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை ரோட்டோரத்தில் பூச்செடி பரப்பி வைத்திருந்த அவரிடம் ஊதாப் பூ டென்ட்ரோபியம் வகை ஓர்கிட் இரண்டு வாங்கினேன். பூவோடு இருந்தது, பார்க்க அவ்வளவு அழகு, ஆசையில் இலையைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. கொண்டுவந்த கையோடு என்னுடைய மற்ற ஒன்பது செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். புதுச் செடியை ஒரு மாதமாவது தனியாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று கிழமை போயிருக்கும், கம்பி வழியே எறும்பு வரிசையாக ஏறுகிறது. எறும்புக்கு ஓர்கிட்டில் என்ன வேலை என்று இலையைத் திருப்பினால், நடு நரம்பு நெடுக பயற்றந்தோல் ஒட்டினமாதிரி பழுப்புப் பொட்டுகள். இலை தண்டோடு சேருகிற இடுக்கில் வெள்ளைப் பஞ்சு. அந்தப் பொட்டுதான் ஓடு மூடின செதில் பூச்சி, பஞ்சுதான் வெண்மூட்டுப்பூச்சி. இரண்டும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான பிசினைக் கழிக்கும், அதற்குத்தான் எறும்பு வருகிறது.

திரும்ப அவரிடமே போனேன். "அக்கா, அதுக்குத்தான் நம்மகிட்ட வீட்டுலயே செஞ்ச மருந்து இருக்கு. பூண்டு, மிளகாய், வேப்பெண்ணெய். சின்னப்பிள்ள குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பழைய சாராயப் போத்தலை நீட்டினார். லேபல் கிடையாது, சிவப்பு மூடி, விலை 1,800 ரூபாய். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை போட்டதிலிருந்து 'இயற்கை' என்று சொன்னாலே நமக்கு ஒரு மயக்கம்தானே, நானும் மயங்கினேன். தண்ணீர் கலக்க வேண்டாம், நல்ல வெயில் நேரத்தில் அடித்தால்தான் பூச்சி சாகும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். அப்படியே பதினொரு செடிக்கும் மத்தியானம் அடித்தேன்.

இரண்டாம் நாள் மொட்டு மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. நாலாம் நாள் இலையில் வெந்நீர் ஊற்றினமாதிரி திட்டுத் திட்டாகக் கருகல். தொங்கிக்கொண்டிருந்த வேர்களின் பச்சை நுனி எல்லாம் கறுத்துப்போனது. சரி, பூச்சியாவது செத்ததா என்று ஒரு பொட்டை நகத்தால் நெம்பினேன். ஓட்டுக்கு அடியில் ஈரமாக, மஞ்சளாக, சுகமாக உட்கார்ந்திருக்கிறது!

அப்போதுதான் போத்தலில் மீதி இருந்ததை ஜன்னலோரம் ஓர் இரவு அசையாமல் வைத்தேன். காலையில் மேலே ஒரு விரற்கடை அளவு எண்ணெய், நடுவில் கலங்கின தண்ணீர், அடியில் வெள்ளைப் படிவு. அந்தப் படிவைக் கொஞ்சம் கையில் தேய்த்துத் தண்ணீர் விட்டால் நுரை பொங்குகிறது, உடுப்புத் துவைக்கிற தூள். மேலே நின்றது மண்ணெண்ணெய். அந்த வாசம் எனக்கு மாறாது, லயத்தில் குப்பி விளக்கில் படித்து வளர்ந்த மூக்கு இது. பூண்டு, ஒப்புக்கு ஒரு பல்லு போட்டிருப்பார் போல.

போத்தலையும் கருகின இலையையும் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் குளிருக்குக் கருகியிருக்கும் என்றார். அப்புறம் நான் கூட அடித்துவிட்டேன் என்றார். கடைசியில், அரை விலைக்கு இன்னொரு போத்தல் தரட்டுமா என்றார். "தம்பி, உங்க செடிய ஒருக்கா திருப்பிப் பாருங்க" என்று நானே ஓர் இலையைப் பிரட்டினேன். அதே பயற்றந்தோல். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளிடம் விலை சொல்லப் போய்விட்டார். பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான், ஆனால் என் கையில் பற்றுச்சீட்டும் இல்லை, லேபலும் இல்லை, எதை வைத்து முறையிட?

வீட்டு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிஞ்சின நாலு செடியைக் காப்பாற்றியதும் வீட்டு மருந்துதான், என்ன சேர்க்கிறோம் என்று நமக்குத் தெரிந்த மருந்து. பூச்சி கொஞ்சமாக இருந்தால் பாமசியில் விற்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். செதில் பூச்சியைப் பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து விழுத்த வேண்டும், ஏனென்றால் முதிர்ந்த பூச்சியின் ஓட்டைத் தாண்டி எந்தச் சவர்க்காரத் தண்ணீரும் இலேசில் இறங்காது. அதற்குப் பிறகுதான் தெளிப்பது. ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் காரமில்லாத திரவச் சவர்க்காரம் அரைத் தேக்கரண்டி. நம்ம ஊர்க் குளிரில் வேப்பெண்ணெய் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடும், பச்சைத் தண்ணீரில் கலந்தால் கட்டி கட்டியாக மிதக்கும், அதனால் போத்தலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். கலக்கினதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வெயில் ஏறுமுன் காலையில் நிழலில் வைத்து அடிப்பது நல்லது, பின்னேரம் அடித்தால் மூடுபனியில் இலை காயாது. குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், பெலனொப்சிஸ் வகை ஓர்கிட் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். முட்டையும் ஓட்டுக்கு அடியில் இருக்கிற குஞ்சும் தப்பிவிடும், ஆகவே ஏழு பத்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று நாலு முறை அடிக்க வேண்டும். ஒரே அடியில் சாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் வாங்குகிறதென்றால் லேபலைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பீடைகொல்லியைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும், சாராயப் போத்தலில் ஊற்றி விற்க முடியாது. சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம், காசு கொடுக்குமுன் கேளுங்கள்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தேன். ஆள் அங்கேயேதான் இருக்கிறார். போத்தலின் மூடி மட்டும் பச்சையாக மாறியிருக்கிறது.