கேர்ஷீல்டு லைஃப்: ஆயுள் முழுதும் வரும் தொகை, 67 வயதில் நிற்கும் உயர்வு

சிங்கப்பூரில் 2002இல் தொடங்கிய எல்டர்ஷீல்டு காப்புறுதியில், கடும் உடற்குறைக்கு ஆளானவர்களுக்கு மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 5 ஆண்டுகளுக்கு, அல்லது 400 வெள்ளி 6 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. பக்கவாதம் வந்தவர் அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட இருப்பார் என்பதைக் கண்கூடாகப் பார்த்த குடும்பங்களுக்கு அந்தக் கெடு எவ்வளவு பெரிய கவலை! 2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்டு லைஃப் அந்தக் கெடுவையே நீக்கி, உடற்குறை நீடிக்கும்வரை, ஆயுள் முழுதும் மாதந்தோறும் ரொக்கம் தருகிறது. அதைப் பணிப்பெண்ணின் சம்பளத்துக்கோ டயப்பருக்கோ குடும்பம் தன் விருப்பப்படி செலவிடலாம். இந்த ஒன்றுக்காகவே திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

1980இலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்கு 30 வயதிலிருந்து இது கட்டாயம். ஏற்கெனவே நோய் இருந்தாலும் தள்ளிவைப்பதில்லை. சந்தா முழுவதையும் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டலாம். பெண்களுக்குச் சந்தா கூடுதல் என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் பராமரிப்புச் சுமையைப் பெரும்பாலும் சுமப்பவர்களும் அவர்கள்தாம்.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு செயல்களில் மூன்றையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கே பணம் கிடைக்கும். குளிப்பாட்டிவிடவும் உடுத்திவிடவும் ஆள் வேண்டியிருந்தும், தட்டை முன்னால் வைத்தால் தாமே சாப்பிட்டு, கூடத்தில் தாமே நடந்துவிடும் முதியவர் இரண்டோடு நின்றுவிடுகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலையை விட்டிருந்தாலும் ஒரு வெள்ளியும் வராது. திட்டத்தின் பெரிய குறை இதுவே.

2020இல் 600 வெள்ளியாக இருந்த மாதத்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடி 2025இல் 662 வெள்ளியானது. 2026 முதல் 2030 வரை 4 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் 67 வயதை எட்டியதும், அல்லது அதற்கு முன்பே பணம் பெறத் தொடங்கியதும், அந்த உயர்வு நின்றுவிடும். 85 வயதில் படுக்கையில் விழுபவருக்கு 67 வயதில் நிலைத்த தொகைதான் கிடைக்கும். பதினெட்டு ஆண்டு விலைவாசி அதற்குள் அதை வெகுவாகத் தின்றிருக்கும்.

ஆகவே தனியார் நிறுவனங்களின் கூடுதல் திட்டம் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. அதற்கும் மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வெள்ளி வரை எடுக்கலாம். சில திட்டங்கள் ஒரு செயல் இயலாமற்போனாலே பணம் தருகின்றன. ஆனால் அங்கே உடல்நலக் கேள்விகள் உண்டு என்பதால், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வந்துசேர்வதற்கு முன், நாற்பதுகளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.