விமானி வாட்ச் மூன்று: மார்க் 20, நேவிடைமர், ஜிஎம்டி மாஸ்டர்

கடையில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூன்றையும் 'விமானி வாட்ச்' என்று சொல்லித்தான் காட்டுவார்கள். ஆனால் மூன்றும் மூன்று வேறு ஆட்களுக்காகப் பிறந்தவை. ஐடபிள்யூசியின் மார்க் 20, இருட்டில் ஒரே பார்வையில் நேரம் தெரிந்தாக வேண்டிய போர்விமானியின் பரம்பரையில் வந்தது. பிரைட்லிங் நேவிடைமர், தூரத்தையும் எரிபொருளையும் தானே கணக்குப் போட்டுக்கொண்டு பறந்தவருடையது. ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2, காலையில் ஒரு கண்டத்திலும் இரவில் இன்னொரு கண்டத்திலும் இருந்த கேப்டனுடையது. வாங்குவதற்கு முன்னால், இந்த மூன்று பேரில் உங்கள் அன்றாடம் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று யோசித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் இரண்டையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். மூன்றாவதை என் அண்ணனிடம் இரவல் வாங்கி மாதக்கணக்கில் கட்டியிருக்கிறேன்.

மார்க் 20-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். 1940-ல் ஜெர்மன் விமானப்படைக்காகச் செய்த பெரிய நேவிகேட்டர் வாட்சுகளின் கேஸ், அதாவது வெளிக்கூடு, 55 மில்லிமீட்டர் அகலம். தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேலேயே சுற்றிக் கட்டும்படி ஸ்ட்ராப் நீளமாக இருக்கும். கையுறையைக் கழற்றாமல் திருகுவதற்காக, சாவி கொடுக்கும் கிரவுன் வெங்காயம் போலப் பருத்திருக்கும். டயலில் 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம், இரு பக்கமும் இரண்டு புள்ளிகள். வாட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் மேல்பக்கம் எது என்று கண்ணுக்கு உடனே பிடிபடும். 1948-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்காக உருவான மார்க் 11 அளவில் சிறியது. காந்தப் புலம் இயந்திரத்தைப் பாதிக்காமல் இருக்க உள்ளே தேனிரும்புக் கூடு வைத்திருந்தார்கள். இன்றைய மார்க் 20 அந்த வழியில் 2022-ல் வந்தது. 40 மில்லிமீட்டர், 100 மீட்டர் வரை நீர் தாங்கும். முழுதாகச் சாவி கொடுத்தால் 120 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தால் செவ்வாய்க்கிழமை எடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வாட்ச் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு நிம்மதி என்று கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த முகம்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை என்றால், லாக்கோவையும் ஸ்டோவாவையும் பாருங்கள். 1940-களில் அந்த 55 மில்லிமீட்டர் வாட்சுகளைச் செய்துகொடுத்த ஐந்து நிறுவனங்களில் இந்த இரண்டும் இருந்தன. இன்றும் அதே டயலில் செய்கிறார்கள். அது போலி கௌரவம் கிடையாது, சொந்த வரலாறு.

அப்புறம் நேவிடைமர். இதன் டயலை முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் மிரள்வார்கள். ஓரத்தில் நெருக்கமாக எண்கள், நடுவில் மூன்று சின்ன வட்டங்கள், அதற்குள்ளும் கோடுகள். 1952-ல் அமெரிக்க விமான உரிமையாளர், விமானிகள் சங்கத்துக்காக உருவான வாட்ச் இது. ஓரத்தில் இருப்பது வட்ட வடிவ ஸ்லைடு ரூல், அதாவது இரண்டு அளவுகோல்களை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் கருவி. வெளி அளவுகோல், கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் என்ற வளையத்தோடு சேர்ந்து சுழலும், உள்ளே இருப்பது அசையாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விமானம் மணிக்கு 150 நாட்டிக்கல் மைல் வேகத்தில் போகிறது, 20 நிமிடத்தில் எவ்வளவு தூரம்? வெளி வளையத்தின் 15-ஐ (150-க்கும் அதுதான், பூஜ்யத்தை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்) உள் வளையத்தின் 60-க்கு நேராகக் கொண்டுவாருங்கள். இப்போது உள் வளையத்தில் 20-க்கு நேர் எதிரே வெளியில் 50 நிற்கும். 50 நாட்டிக்கல் மைல். இன்னொரு அழகு என்னவென்றால், இனி வளையத்தைத் தொடவே வேண்டாம். 30 நிமிடத்துக்கு எதிரே 75, 40 நிமிடத்துக்கு எதிரே 10, அதாவது 100 என்று விடைகள் தயாராக வரிசையில் நிற்கும். வெளிநாட்டுப் பணத்தை மாற்றிப் பார்க்கவும் இதே வித்தைதான்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு நேவிடைமர் மேல் தீராத பிரியம். விரல் நுனியில் வளையம் நகர்வதும், எண்கள் ஒன்றுக்கொன்று நேர்கோட்டில் வந்து சேர்வதும், வேறு எந்த வாட்சும் தராத சந்தோஷம். ஆனால் நேரம் பார்க்கும் வேலையில் மூன்றில் இதுதான் கடைசி. மங்கிய வெளிச்சத்தில் முட்கள் அந்த எண் கூட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. நீர் தாங்கும் அளவும் 30 மீட்டர்தான். அதாவது மழைத் தூறல், கை கழுவுவது, அவ்வளவுதான். 1962 மே 24-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் இதன் 24 மணி நேர டயல் வகையைக் கட்டிக்கொண்டு பூமியைச் சுற்றி வந்தார். விண்வெளியைத் தாங்கிய அந்த வாட்ச், கடலில் இறங்கியதும் உப்புத் தண்ணீரில் கெட்டுப்போனது. நேவிடைமர் வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டிய கதை அது. கையின் அளவும் முக்கியம். இப்போதைய பி01 வகை 41, 43, 46 மில்லிமீட்டரில் வருகிறது. பெசல் ஒடுக்கமாக இருப்பதால் டயல் விரிந்து, எழுதியிருக்கிற அளவைவிடப் பெரிதாகவே தெரியும். மெலிந்த மணிக்கட்டுக்கு 41-க்கு மேல் போக வேண்டாம்.

ஜிஎம்டி மாஸ்டர் 1955-ல் வந்தது. கடல் கடந்து பறந்த பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விமானிகள் இதைக் கட்டினார்கள். சாதாரண முட்களோடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் நான்காவது முள் ஒன்று. சிவப்புப் பாதி பகல், நீலப் பாதி இரவு என்று பெசல். முதல் வகையின் பெசல் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்தது, எளிதில் விரிசல் விட்டது. அலுமினியம் வந்தது, வெயிலில் வெளுத்தது. அந்த வெளுத்த நிறத்துக்கே இன்று சேகரிப்பவர்கள் போட்டி போடுகிறார்கள். இப்போதுள்ள செராமிக் வெளுக்காது. 1980-களில் வந்த ஜிஎம்டி மாஸ்டர் 2-ல்தான் உண்மையான பெரிய மாற்றம். கிரவுனைத் திருகினால் மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும், நிமிடமும் நொடியும் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிய ஊரின் நேரத்தை நாலே திருகில் வைத்துவிடலாம், வீட்டு நேரம் நான்காவது முள்ளில் அப்படியே நிற்கும். அண்ணன் வெளியூரில் இருந்த நாட்களில் அங்கே மணி என்ன என்று நான் போனை எடுத்துப் பார்த்ததே இல்லை.

ஜிஎம்டி பழக்கத்துக்கு எளிது, அடி தாங்கும், தண்ணீருக்கு அஞ்சாது. குறை ஒன்றுதான்: ஸ்டீல் வகை ஷோரூமில் கேட்டவுடன் கிடைக்காது. காத்திருப்போர் பட்டியல், இல்லையென்றால் கடை விலைக்கு மேல் கொடுத்து செகண்ட் ஹேண்ட். பயணமே செய்யாதவர் அந்த அதிகத் தொகையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மார்க் வகைகளும் நேவிடைமரும் பெரும்பாலும் நேர் எதிர். ஒருவர் கட்டிய பிறகு விலை இறங்கும். முதலீடாக நினைப்பவருக்கு அது நஷ்டம், கட்டி மகிழ வாங்குபவருக்கு லாபம்.

ஆக, ஒரே ஒரு வாட்ச்தான் என்றால் என் ஓட்டு மார்க் 20-க்கு. மாதம் ஒருமுறையாவது நேர மண்டலம் மாறுகிறவர் என்றால் ஜிஎம்டி, காத்திருந்தாலும் சரி. ஏற்கெனவே நேரம் பார்க்க நல்ல வாட்ச் ஒன்று கையில் இருந்தால், இரண்டாவதாக நேவிடைமர்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் லக் ஓரங்களை முதலில் பாருங்கள். கேஸிலிருந்து ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் அந்த நான்கு கொம்புகளும் கூர்மையாக இருக்க வேண்டும். நான் போட்டோவை மட்டும் நம்பி வாங்கிய நேவிடைமரில், திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டதால் அவை சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. போன உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. 1950-களின் வாட்ச் என்றால் டயலில் ரேடியம் பூச்சு இருக்க வாய்ப்பு உண்டு, வீட்டில் திறக்கவே கூடாது. நேவிடைமரில் பெசலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் சிக்காமல் ஒரே இறுக்கத்தில் நகர வேண்டும். பிறகு அதிலேயே உள்ள ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் பட்டனை அழுத்துங்கள். நீள நொடிமுள் 12-க்கு நேராக வந்து நிற்க வேண்டும். என்னுடையது ஒரு மயிரிழை தள்ளி நின்றது. விற்றவர் அது சகஜம் என்றார். இயந்திரத்தையே வெளியே எடுத்துத்தான் அந்த முள்ளை மறுபடி பொருத்தினார்கள், மூன்று மாதம் ஆயிற்று.