கேமரா பரவாயில்லை, ஆப்தான் உயிரை வாங்குகிறது: இரண்டரை வருஷ அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருத்தன் கூப்பிட்டான். வைஃபை கேமரா விலை இறங்கியிருக்கிறதாம், ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், நீதான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா என்றான். எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலராகத் தெரியுமா, கேமராவின் தலை திரும்புமா என்று வரிசையாக விசாரித்தவன் ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில். அப்பா அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில். வாசலில் ஒரு கேமரா, கொல்லையில் ஒன்று. கேமராவைக் குறை சொன்னால் பாவம். இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது, ராத்திரியிலும் ஆள் அடையாளம் தெரிகிறது, பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்று அம்மாவும் அப்பாவும் போடும் சண்டையைப் பலமுறை தீர்த்து வைத்திருக்கிறது. நடுவில் மெமரி கார்டு ஒருதடவை செத்தது, அது என் தப்பு. போனுக்குப் போடும் சாதாரண கார்டைப் போட்டிருந்தேன். இருபத்து நாலு மணி நேரமும் அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? இதற்கென்றே ஹை எண்டூரன்ஸ் என்று போட்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டதும் கம்பெனி சின்னம். அப்புறம் கிளவுட் சந்தா (பதிவுகளைக் கம்பெனி சர்வரில் வைக்கக் கட்டணம்) எடு என்று முழுத்திரைக்கு ஒரு விளம்பரம், அதை மூடும் பெருக்கல் குறி மூலையில் கடுகு அளவில் இருக்கும், விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டால் பணம் கட்டும் பக்கத்துக்கே கூட்டிப்போய்விடும். அதையும் தாண்டினால் வட்டம் சுற்றும், ஒருவழியாகப் படம் வரும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு வினாடி. பதினான்கு வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆளில்லாத நேரத்தில் கொல்லைக்குள் ஆடு நுழைந்துவிட்டது என்று தகவல் வந்து, அலுவலகத்தில் இருந்தபடி ஆப்பைத் திறந்து, கேமரா ஸ்பீக்கர் வழியாக அதட்டலாம் என்று நான் விளம்பரத்தோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அம்மா வைத்த அகத்திக் கன்றில் குச்சிதான் மிச்சம். நான் அதட்டினேன். ஆடு கேமராவை ஒருதடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகப் போனது.

இன்னொன்று, அந்த ஆப்பின் தமிழ். அப்பா போனில் மொழி தமிழ் என்பதால் அறிவிப்புகளும் தமிழில்தான் வரும். முதல் ராத்திரியே பதினோரு மணிக்கு அழைப்பு. "தம்பி, வாசலில் இயக்கம் கண்டறியப்பட்டதுன்னு வருதே, எந்த இயக்கம்டா?" சின்ன வயசில் கட்சிக் கொடி பிடித்தவர், அவருக்கு இயக்கம் என்றால் வேறு அர்த்தம். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. லென்ஸ் முன்னால் சிலந்தி வலை. ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டால் வலை பளீரென்று தெரியும், காற்றில் லேசாக ஆடினால்கூட ஆள் நடமாட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளும். மனிதரை மட்டும் கண்டுபிடிக்கும் வசதி உண்டு, ஆனால் என் கேமராவில் அது சந்தா கட்டினால்தான். நான் கட்டவில்லை. வாரம் ஒருமுறை அப்பா ஒட்டடைக் குச்சியோடு போகிறார், அவருக்கு அதுதான் சந்தா.

சரி, சந்தோஷப்பட்ட கதையையும் சொல்ல வேண்டும். கார்டு மாற்றப் போன அன்று அமைப்புகளை நோண்டிக்கொண்டிருந்தபோது ஆர்டிஎஸ்பி (RTSP) என்று ஒன்று கண்ணில் பட்டது, கேமராப் படத்தை நேரலையாக அனுப்பும் முறை. கேமராவுக்கென்று தனியாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டால், கம்பெனி ஆப் இல்லாமலே, இந்த முறை தெரிந்த வேறு எந்த ஆப்பிலும் படத்தை இழுத்துக்கொள்ளலாம். வீடியோ பார்க்கும் விஎல்சியில்கூட வரும். (டிபி-லிங்க் கம்பெனியின் டாப்போ கேமரா வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் கேமரா அக்கவுண்ட் என்று தேடுங்கள், இதே சங்கதிதான். என்னுடையது வேறு கம்பெனி.) ஆன்விஃப் (ONVIF) என்பதும் இதற்கு உறவு, வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது முறை, 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஆரம்பித்தது. பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்காது, அதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லட்டில் டைனிகேம் போட்டேன், எந்தக் கம்பெனிக் கேமராப் படத்தையும் இப்படி இழுத்துக் காட்டும், ஆண்ட்ராய்டில் மட்டும் கிடைக்கும் ஆப். இரண்டு கேமராவும் ஒரே திரையில், தொட்ட உடனே. அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்தாயிற்று. குழம்பைக் கிளறிக்கொண்டே அம்மா வாசலையும் கொல்லையையும் பார்த்துக்கொள்கிறார். படம் வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போவதே இல்லை என்பதால் ஃபைபர் அறுந்து இரண்டு நாள் நெட் இல்லாதபோதும் அது பாட்டுக்கு ஓடியது. இந்த இரண்டரை வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். டேப்லட்டை நாள் முழுக்க சார்ஜரிலேயே விடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். எங்கள் முதல் டேப்லட் அப்படித்தான் போனது.

ஆனால் இந்தச் சொகுசெல்லாம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான். சென்னையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மறுபடி அதே விளம்பர ஆப். நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி (இணையத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் எண்) தரமாட்டார்கள், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. அதனால் வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய வழியில்லை, கம்பெனி சர்வர் நடுவில் நின்று கைகோத்து விட வேண்டும். காசு கட்டித் தனி முகவரி வாங்கி ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வாசலை, திறந்துவிடு என்று ஆபீசில் ஒருவர் யோசனை சொன்னார். மாட்டேன் என்றேன். 2016-இல் மிராய் என்ற நிரல், பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து மற்றவர்களைத் தாக்கப் பயன்படுத்தியது. எங்கள் கொல்லைக் கேமரா அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

தகவல் தாமதமாக வருகிறது என்று புலம்புகிறவர்களுக்கு ஒன்று. பாதி நேரம் தப்பு ஆப்பில் இல்லை, போனில். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களைப் போனே கொன்றுவிடும். பேட்டரி அமைப்பில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். இது தெரியாமல் ஆறு மாசம் கம்பெனியைத் திட்டியிருக்கிறேன், அந்த ஆறு மாசத் திட்டை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விளம்பரத்துக்கான திட்டு அப்படியே இருக்கட்டும்.

நண்பனிடம் சொன்னது இவ்வளவுதான்: கேமராவை ஆர்டர் போடுவதற்கு முன்னால் அதன் ஆப்பை இறக்கி, பிளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்தை மட்டும் படி. விளம்பரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பக்கமே போகாதே. ஆர்டிஎஸ்பி இருக்கிறதா என்று கேள், விற்பவர் முழித்தால் வேறு கடை பார். என் கம்பெனியை மட்டும் வாங்காதே.

நேற்று மாட்டுக் கொட்டகைக்கு மூன்றாவது கேமரா ஆர்டர் போட்டேன். அதே கம்பெனிதான். புது ஆப் என்றால் அப்பாவுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், போனில் அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. தவிர, ஆஃபரில் விலையும் நிஜமாகவே குறைவுதான்.