குன்னூர் கண்ணாடிக் கடையும் அப்பாவின் தேங்காய்ச் சட்னியும்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். பேங்க், ஆதார், வீட்டு வரி எல்லாம் எப்படியோ நடந்தன, விடுங்கள். எழுத வந்தது ஒரு கண்ணாடிக் கடையைப் பற்றி.

ஏழு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம், மூளையின் வலப்பக்கம். கோயம்புத்தூரில் சேர்த்து, பிழைத்து, கைகாலுக்குப் பிசியோவும் ஆயிற்று. கண்ணைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. தட்டில் இடது பக்கம் வைக்கிற சட்னியை அவர் தொடுவதில்லை. "உங்கப்பாவுக்கு இப்பல்லாம் தேங்காய்ச் சட்னி பிடிக்கல" என்று அம்மா அரைப்பதையே நிறுத்திவிட்டார். மேட்டுப்பாளையம் பஸ் போர்டை 'பாளையம்' என்று படிக்கிறார். கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது. இதற்கெல்லாம் மருந்தாக, ஒரு பெரிய கடையில் எட்டாயிரம் ரூபாய்க்குப் புரோகிரசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) மாட்டி அனுப்பியிருந்தார்கள். சீட்டில் 'பார்வை 6/6', அதாவது எழுத்துப் படிப்பதில் குறையே இல்லை!

இங்கிலாந்தில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே நோய் வந்தபோது, ஆர்த்தாப்டிஸ்ட் (கண் அசைவையும் பார்வையையும் சோதிக்கும் நிபுணர்) வார்டுக்கே வந்து கண் பார்த்தார். அந்தத் திமிரோடுதான் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் கடையில் அப்பாவோடு நுழைந்தேன். நிலையில் இடித்து இடித்து ஃபிரேம் ஸ்குரூ கழன்றிருந்தது.

ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண், ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர். ஸ்குரூவை முடுக்கிவிட்டு, "ஐயா, இதைக் கொஞ்சம் படிங்களேன்" என்றார். அப்பா கடைசி வரி வரை படித்தார், ஆனால் வரிக்கு வரி முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு. அந்தப் பெண் சட்டென்று நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டார். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "என் மூக்கையே பாருங்க" என்று ஓரத்தில் விரல் காட்டினார். வலப்பக்கம் அப்பா டக் டக்கென்று எண்ணினார். இடப்பக்கம் காட்டினால், "கையை எங்கம்மா வச்சிருக்க?" மறு கண்ணிலும் அதே கதை.

"இடது கண் போயிடுச்சா?" என்றேன்.

"ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டுலயும் இடது பாதி தெரியல. அடி பட்டது மூளைல. இதுக்குப் பவர் கண்ணாடி கிடையாது."

எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் பீல்டு டெஸ்டுக்காகக் கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சிவப்பைத் தேடிவிட்டுப் படிக்கச் சொன்னார். நடக்கும்போது தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மொபெட் கூடவே கூடாது. இதில்தான் அப்பாவுக்குக் கோபம். திரும்பும் வழியில் குன்னூர் பெட்ஃபோர்டு வரை பேசவில்லை.

முக்கால் மணி நேரத்துக்கு நூறு ரூபாய் வாங்கினார். நான் இருக்கும் ஊரில் அதற்கு ஒரு காபி வராது. ஆனால் தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் திரும்புமாம். அந்த மாதங்களில் எங்களிடம் இதை யார் சொன்னார்கள்? ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் அப்பாவின் முகம் பாதிதான் தெரியும். போனை நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று நானே திட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை அம்மா சட்னி அரைத்தார். அப்பா தலையைத் திருப்பித் தட்டைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இதை ஏன்டி பண்ணல?"