மகனை விட்டிருக்கும் இல்லம்: ஒன்றரை வருட அனுபவம்

மதுரை தாண்டி மேலூர் போகும் வழியில் இருக்கிறது இந்த இல்லம். ஸ்பெஷல் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம்; 24 பையன்கள். அங்கே இருப்பவர்கள் பிள்ளைகள் என்பதால் பெயரைப் போடவில்லை. இடம் தேடி அலையும் பெற்றோர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 17 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேச்சு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து வார்த்தைதான். நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் விட்டிருந்தோம். கட்டடம் பளபளவென்று இருக்கும். பெற்றோர் வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பிள்ளையை அங்கே கூட்டி வந்து காட்டுவார்கள். உள்ளே போகக் கூடாது, "பிள்ளைங்க அழுவாங்க" என்பார்கள். ஒருமுறை இரண்டு நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அடம் பிடிக்கிறான் என்று தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அவன் தன் காதுமடலைப் பிடித்து இழுத்தால் வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை, அதுதான் விஷயம். என்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அடுத்த வாரமே கூட்டி வந்துவிட்டோம்.

இங்கே சேர்க்கப் போன அன்று ரிப்போர்ட்டையும் யுடிஐடி கார்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஓரமாக வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்டார்கள். வலித்தால் என்ன செய்வான், எந்தப் பக்கம் படுப்பான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், நகம் வெட்ட யாரிடம் கை நீட்டுவான். காதுமடல் விஷயத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். முதல் மூன்று நாள் நானும் அங்கேயே தங்கினேன். தலையில் முதலில் தண்ணீர் ஊற்றினால் அலறுவான், காலில் ஆரம்பித்து மெதுவாக மேலே வர வேண்டும். நான் ஊற்றிக் காட்ட, கவனித்துக்கொள்ளும் அக்கா மறுநாள் தானே ஊற்றினார்.

அவர்களிடம் நான் கற்றதும் உண்டு. என் பிள்ளையின் எல்லாச் சட்டைக்கும் நான் டிச் பட்டன்தான் வைப்பேன். காஜா போட்ட சட்டை அவனுக்கு வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்த அக்கா, "நீங்க டைலர்தானம்மா? கோட்டுக்கு வைக்கிற மாதிரி பெரிய பட்டனா வச்சு ஒரு துணி தைச்சுக் கொண்டு வாங்க" என்றார். தைத்துக் கொடுத்தேன், காஜாவை நன்றாக லூசாக விட்டு. ஒவ்வொரு மாதப் பெற்றோர் கூட்டத்துக்கும் பட்டனைக் கொஞ்சம் சிறிதாக்கி வேறு துணி. எட்டு மாதம் ஆனது. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் புதுச் சட்டையைத் தானே போட்டான், கீழ்ப் பட்டனில் ஆரம்பித்து மேலே. கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, கீழே இருப்பது தெரியும் என்று அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. அவன் அப்பா சத்தமே போடாமல் கடைசிப் பட்டன் வரைக்கும் நின்றார்.

மாதக் கூட்டம் வெறும் டீ, பிஸ்கட்டோடு முடிவதில்லை. சமையல்கட்டு, படுக்கை அறை, மருந்துப் பதிவேடு எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். 18 வயது முடிந்தால் பெற்றவர்கள் என்பதற்காகவே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட முடியாது, 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்துக் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடும் (வருடத்துக்கு 1 லட்சம் வரை) அப்படித்தான் எடுத்தேன்.

குறைகளும் இருக்கின்றன. கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைக்கிறார்கள். கடையை நான் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா கூலி வேலைக்குப் போகிறவர், வந்து போனால் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகும். இரண்டு கூட்டத்துக்கு வராததும் "அந்த வீட்டில் அக்கறை இல்லை" என்று ஆபீஸில் பேசியதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். இப்போது அவருக்கு வாரம் ஒருநாள் ராத்திரி வீடியோ காலில் பையனைக் காட்டுகிறார்கள். அப்பாக்கள் வருவது மிகவும் குறைவு, வந்தாலும் மரத்தடியில் நின்றுவிடுகிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட்டு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

கட்டணம் மாதம் 9,500. எங்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் கொடுக்கிறோம். ராத்திரியில் 24 பேருக்கு இரண்டே ஆள் என்பது போதாது. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன். ஏழு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.