தூண்டில் கைப்பிடி கடைய: மேண்ட்ரலா, சக்கும் ஸ்டெடியுமா?

வண்டியூர் கம்மாய்க்கோ வைகை டேமுக்கோ சொந்தமா தூண்டில் ராடு கட்டணும்னு நினைக்கிறவங்களுக்கு முதல்ல வர்ற கேள்வி இதுதான். கைப்பிடிக்கான கார்க் வளையத்தை மேண்ட்ரல்ல (வளையத்தைத் தாங்கிச் சுத்துற கம்பி) கோர்த்து லேத்துல கடையுறதா, இல்ல பிளாங்க்லயே (ராடோட வெறும் தண்டு) ஒட்டி அப்படியே கடையுறதா.

மேண்ட்ரல்தான் செலவு கம்மி. கார்க் ஓட்டை பொதுவா கால் இஞ்ச் இருக்கும், அதுக்கு 6 மி.மீ. ஃபுல் த்ரெட் ராடு, ரெண்டு வாஷர், ரெண்டு நட்டு போதும், ஒரு முனை லேத்தோட சக்குல (பிடிச்சுச் சுத்துற தாடை), மறுமுனை எதிர்ப்பக்க டெயில்ஸ்டாக்ல இருக்கிற ரிவால்விங் சென்டர்ல, அதாவது கூடவே சுத்துற கூர்முனைல. த்ரெட் ராடு மேல மெழுகுவத்தியத் தேச்சிட்டு வளையத்தை ஒட்டுங்க, இல்லேன்னா எபாக்ஸி பிடிச்சுக்கிட்டு கழட்டவே வராது. சுத்தாம நிக்கிற டெட் சென்டர் வேணாம், சூடாகும். கடைஞ்சு முடிச்சப்புறம்தான் வேலையே, பிளாங்க் சரிவுக்கு ஏத்த மாதிரி உள்ளோட்டைய டேப்பர் ரீமரால பொறுமையா பெருசாக்கணும், கொஞ்சம் சாய்ஞ்சாலும் கைப்பிடி கோணலா உக்காரும்.

பிளாங்க்லயே கடைஞ்சா அந்தக் கோணல் பயம் இல்ல, சுத்துறது பிளாங்க்கோட மையத்துலயே. ஆனா நீளமான பிளாங்க் சும்மா விட்டா சாட்டை மாதிரி அடிக்கும், ஆபத்துங்க. பிளாங்க்கைத் தாங்கிப் பிடிக்க ரோலர் வச்ச ஸ்டெடி கண்டிப்பா வேணும், சக்கு தாடை படுற இடத்துல மாஸ்கிங் டேப் நல்லா சுத்தணும், கார்பன் நசுங்கிட்டா பிளாங்க் போச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் மேண்ட்ரல்தான் சொல்லுவேன், கெட்டாலும் கார்க்கோட போகும். ரெண்டுலயும் உளி வேணாம், 80-ல ஆரம்பிச்சு 320 வரைக்கும் உப்புத்தாளே போதும், மாஸ்க் மட்டும் மறக்காம போடுங்க.