கூகுள் வாய்ஸ்: கருங்கலில் இருந்து ஹூஸ்டன் நம்பரில் பேசுகிறேன்

ஸ்கைப்பை மூடப் போகிறோம் என்று 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் எனக்கு வரிசையாக மூன்று போன் வந்தது. மூன்று பேரும் என்னைப் போல அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். "அக்கா, ஸ்கைப்பே போகுதுன்னா நம்ம கூகுள் நம்பர் என்ன ஆகும்?" என்பதுதான் மூன்று பேருடைய கேள்வியும். கூகுள் நம்பர் என்று அவர்கள் சொன்னது கூகுள் வாய்ஸை; ஸ்கைப் மாதிரியே இணையம் வழியாகப் பேச கூகுள் தரும் அமெரிக்க போன் நம்பர் அது. சொன்னபடியே மே 5-ஆம் தேதி ஸ்கைப்பை மூடியும் விட்டார்கள். அதற்குப் பிறகு இதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட, நான் இந்த கூகுள் வாய்ஸை எப்படிப் பயன்படுத்துகிறேன், எவ்வளவு தூரம் நம்புகிறேன் என்று முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் நெய்யூரில் நர்சிங் படித்தவள். சவுதியில் ஆறு வருடம், பிறகு 1992 முதல் 2018 வரை ஹூஸ்டன். இப்போது கருங்கல் பக்கத்தில் ரப்பரும் மரச்சீனியும் உள்ள ஒரு சின்ன விளையில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மகள் அங்கேயே இருக்கிறாள்.

போன் என்பதன் அருமை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். நான் ஹூஸ்டன் போன புதிதில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. நாலு வீடு தள்ளி ஒரு வாத்தியார் வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று கொடுத்திருந்தோம். நான் கூப்பிட்டு, அம்மாவை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட வேண்டும். இந்தியக் கடைகளில் 5 டாலருக்கு காலிங் கார்டு வாங்கி, காசால் சுரண்டி, அந்த நீள நம்பரை ஒவ்வொன்றாக அழுத்துவேன். அட்டையில் போட்டிருக்கும் நிமிடம் ஒரு நாளும் முழுசாகக் கிடைத்ததில்லை. அம்மா மூச்சு வாங்க நடந்து வந்து "மக்களே" என்று சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் நிமிடக் கணக்கு ஓடும். நம் நாட்டில் 2002 ஏப்ரலில் இணையம் வழியாக வெளிநாட்டுக்குப் பேச அனுமதி கொடுத்த பிறகு, தம்பி அம்மாவை மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் நெட் போனில் பேச வைத்தான். அம்மா பேசியது எனக்கு வந்து சேர இரண்டு விநாடி ஆகும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு, ஒரே நேரத்தில் நிறுத்துவோம்.

கூகுள் வாய்ஸுக்கு வருகிறேன். கிராண்ட்சென்ட்ரல் என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. அதை 2007-ல் கூகுள் வாங்கி, 2009 மார்ச்சில் கூகுள் வாய்ஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தது. முதலில் அழைப்பு இருந்தால்தான் சேர முடியும். 2010 ஜூனில்தான் அமெரிக்காவில் இருக்கும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் ஜிமெயிலுக்குள் இருந்தே போன் செய்யும் வசதியும் வந்தது. மகள்தான் எனக்குப் போட்டுக் கொடுத்தாள். அமெரிக்கா, கனடா நம்பர்களுக்குப் பேசக் காசு இல்லை. ஆனால் "இந்த வருடக் கடைசி வரை" என்றுதான் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் வந்ததும் 2011 முழுக்க இலவசம் என்று நீட்டினார்கள். அடுத்த டிசம்பரில் 2012. அதற்கடுத்து 2013. கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் இந்தத் தடவை நிறுத்திவிடுவார்களோ என்று காத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆக, போய்விடுமோ என்ற பயம் ஸ்கைப் மூடிய பிறகு வந்ததில்லை. முதல் வருடத்திலிருந்தே கூட இருக்கிறது.

2018-ல் ஊருக்குக் கிளம்பும் முன்பு செய்த ஒரு காரியம்தான் இன்றுவரை என்னைக் காப்பாற்றி வருகிறது. பதினைந்து வருடமாகக் கையில் இருந்த என் செல்போன் நம்பரையே கூகுள் வாய்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை 20 டாலர், அவ்வளவுதான். மாதக் கட்டணம் கிடையாது. திரும்பி வர நினைப்பவர்கள் இதை அங்கே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தனிநபர் கணக்கு அமெரிக்காவில் மட்டும்தான் தொடங்க முடியும், அங்கத்திய போன் ஒன்றும் கையில் வேண்டும். நாகர்கோவிலில் வந்து இறங்கிய பிறகு யோசித்துப் பிரயோசனம் இல்லை.

என்னத்துக்கு இந்த நம்பர், வாட்ஸ்அப் இருக்கிறதே என்று கேட்பார்கள். மகளிடமும் பேரனிடமும் பேச வாட்ஸ்அப் தாராளமாகப் போதும். அலுவலகங்கள் வாட்ஸ்அப்பில் வருவதில்லை. பென்ஷன், வரி, வங்கி, பழைய இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அங்கே 800-ல் தொடங்கும் இலவச நம்பர்தான். நம் ஊர் செல்போனில் இருந்து பெரும்பாலும் அந்த நம்பர்கள் கிடைக்காது. கூகுள் வாய்ஸில் அழுத்தினால் ஹூஸ்டனில் இருந்தே கூப்பிடுவது மாதிரிப் போகும். சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு பென்ஷனை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 7162 என்று ஒரு படிவம் தபாலில் வரும். நிரப்பித் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். போன வருடம் எனக்கு அந்தப் படிவம் வந்து சேரவே இல்லை. ஹூஸ்டனில் காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஜெபம் முடித்து, கட்டன் சாயா ஒன்று போட்டுக்கொண்டு அந்த பென்ஷன் ஆபீசைக் கூப்பிட்டேன். வரிசையில் நின்று பேசி முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. செலவு ஒன்றுமில்லை. பழைய காலிங் கார்டில் இதே பேச்சுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லாம் நெட் இருந்தால்தான். எங்கள் பக்கம் துலா மழைக்கு இடி இடித்தால், மோடத்தின் வயரைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். இரண்டு மோடம் கருகிய பிறகு படித்த பாடம் இது. கரண்ட் போனாலும் நெட் போகாமல் இருக்க மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் போட்டுத் தந்தது கேபிள்காரத் தம்பிதான். "சிஸ்டரம்மா, பச்ச லைட்டு எரிஞ்சா பேசுங்க, செவப்பு மின்னுனா எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்றும் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுக்கிறேன்.

எனக்கு இந்த நம்பர் உயிராக இருப்பதற்குக் காரணம் வேறு.

ஹூஸ்டனில் என்னோடு ஒரே வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த தோழி ஒருத்தி இருந்தாள். கொல்லங்கோட்டுக்காரி. நான் திரும்பி வந்த பிறகும் அவளுக்கு எதுவும் மாறவில்லை. அதே நம்பர், அவளுக்கு அது லோக்கல் கால். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கூப்பிடுவாள், இங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருக்கும். ஸ்மார்ட்போன் அவளுக்குப் பிடிபடவே இல்லை, வீட்டில் கிடந்த சாதாரண போனிலிருந்துதான் பேசுவாள். கோயிலுக்குக் கிளம்பும் முன்பு அவளோடு அரை மணி நேரம் பேசவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது மாதிரியே இருக்காது.

2021 நவம்பரில் நம் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். 12, 13 தேதிகளில் ஆறும் குளமும் உடைந்து ஊருக்குள் வந்தது, ரயில் பாதையில் மண் சரிந்தது. எங்களுக்குக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த ஞாயிறு காலையிலும் அவள் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்காததால் வாய்ஸ்மெயிலில் பேசியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து நெட் வந்ததும் அது போனில் வந்து நின்றது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. "எடி, நீ என்ன எடுக்கல்லியா? டிவில நம்ம ஊரு வெள்ளம் காட்டுனான். விளையில தண்ணி கேறிச்சா? மரச்சீனி போனா போட்டும், நீ வெளிய எறங்காத கேட்டியா." நடுவில் அடுப்பில் குக்கர் விசில் ஒன்று கேட்கும். "ஓ, பொறு" என்று சொல்லிவிட்டுப் போவாள். செருப்புச் சத்தம் தூரப் போய், திரும்பக் கிட்டே வரும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

2023-ல் அவள் இறந்துபோனாள். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று என்னிடம் இருப்பது கூகுள் வாய்ஸில் கிடக்கும் பதினோரு வாய்ஸ்மெயில் மட்டும். வந்த வாய்ஸ்மெயிலை அந்த ஆப் எழுத்தாகவும் போட்டுத் தரும். ஆனால் நம் தமிழ் அதற்குப் புரியாது, எழுத்தை நம்ப வேண்டாம். குரல் அப்படியே இருக்கிறது.

ஸ்கைப் செய்தி வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பென்ஷன் ஆபீசுக்கு எப்படியாவது பேசிக்கொள்ளலாம். அவள் குரலை யார் திருப்பித் தருவார்கள்? மறுநாள் மகளைக் கூப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல, கூகுள் டேக்கவுட் என்ற இடத்துக்குப் போய் வாய்ஸ் கணக்கில் உள்ளதையெல்லாம் இறக்கினேன். குரல் பதிவுகள் தனித்தனிக் கோப்பாக வந்துவிடும், எந்தக் கம்ப்யூட்டரிலும் கேட்கலாம். ஒரு பென்டிரைவ் இங்கே பாஸ்போர்ட்டோடு பீரோவில் இருக்கிறது. இன்னொரு நகல் மகளிடம் இருக்கிறது. கூகுள் வாய்ஸ் வைத்திருக்கும் யாராக இருந்தாலும் இதை இந்த வாரமே செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான்.

சரி, மூடுவார்களா? கூகுள் எதையும் மூடாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆலோ, ஹேங்அவுட்ஸ் என்று செய்தி அனுப்பும் ஆப்கள் வைத்திருந்தார்கள்; ஆலோவை 2019-ல் மூடினார்கள், ஹேங்அவுட்ஸை 2022-ல் மூடினார்கள். வாய்ஸையும் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு 2017 ஜனவரியில்தான் புது ஆப் கொடுத்தார்கள். 2019 முதல் நிறுவனங்களுக்குக் காசுக்கு விற்கிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் தெம்பு. காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கும் கடையைச் சட்டென்று பூட்ட மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. ஆனால் கடை இருந்தாலும் இலவசம் இருக்கும் என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அவர் 20 டாலர் எதற்கு என்று வேறொரு இலவச ஆப்பில் அமெரிக்க நம்பர் எடுத்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண் ஆபரேஷன் சமயத்தில் ஒன்றரை மாதம் அதைத் தொடவில்லை. அந்த நம்பரை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். டல்லாசில் இருக்கும் அவருடைய அண்ணன் கூப்பிட்டு, யாரோ ஒரு பெண் எடுத்து, அவர் பதறி, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். எழுதிக் கேட்டதற்கு அந்த ஆப்காரர்கள் பதிலே போடவில்லை. கூகுள் வாய்ஸிலும் இலவசமாக எடுத்த நம்பரை மூன்று மாதம் தொடாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அது விதியிலேயே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் குறித்து வைத்து ஒரு காலாவது செய்துவிடுங்கள். என் நம்பர் மாதிரி வெளியே இருந்து கொண்டுவந்த நம்பருக்கும், 20 டாலர் கட்டி நிரந்தரமாக்கிய நம்பருக்கும் அந்தப் பிரச்சினை இல்லை.

நம்பர் நம் பெயரில் இருப்பதுதான் பெரிய காரியம். அமெரிக்காவில் 2003 நவம்பரில் இருந்தே செல்போன் நம்பரை ஒரு கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம். நாளைக்கே கூகுள் மூடப் போகிறோம் என்று தேதி சொன்னால், மாதம் சில டாலர் வாங்கும் ஏதாவது கம்பெனிக்கு இதே நம்பரை மாற்றிவிடுவேன். அதற்கான பணத்தை மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், எந்தக் கம்பெனி என்றுகூடப் பேசி முடித்தாயிற்று.

குறைகளும் உண்டு. 911 அவசர அழைப்பு இதில் போகாது; அங்கே இருந்துகொண்டு இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. சில வங்கிகள் இணைய நம்பர்களுக்கு ஓ.டி.பி. அனுப்புவதில்லை. என் வங்கி நாலு வருடம் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்து, ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திவிட்டது. பிறகு மகள் நம்பரைக் கொடுத்துத்தான் கணக்கைத் திறந்தேன். இந்திய நம்பர்களுக்குப் பேசினால் நிமிடக் கணக்கில் காசு பிடிக்கும், அதற்கு நம் ஊர் செல்போனே மேல்.

ஐந்துக்கு எவ்வளவு கொடுப்பாய் என்றால் நாலரை கொடுப்பேன். அந்த அரையைப் பிடித்து வைத்தது, இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் சொல்லாததற்காக மட்டும்.

இந்த வருட 7162 படிவமும் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை பென்ஷன் ஆபீஸ் லைனில் கூட்டம் அதிகம். புதன்கிழமை ஆறரைக்கு, பச்சை விளக்கு எரிந்தால், கூப்பிட வேண்டும்.